அந்த 61 மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் தொழில்நுட்ப இணைப்பிதழில் விளையாட்டுக் கணினி அமைப்பது பற்றி வெளியான வழிகாட்டிக் கட்டுரையைப் படித்தேன். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு பற்றிய பகுதிகள் தெளிவாகவும் நியாயமாகவும் இருந்தன. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டைப் பற்றிய பகுதியைத்தான் என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. விளையாட்டுக்கு முழு அளவு ஏடிஎக்ஸ் போர்டுதான் ஏற்றது, பெரிய போர்டு கிராபிக்ஸ் கார்டுக்கு அதிக மின்சாரம் தரும், அதைவிடச் சிறிய மைக்ரோ ஏடிஎக்ஸ் அலுவலக வேலைக்கானது என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த மூன்றையும் நான் மறுக்கிறேன். புதிதாகக் கணினி வாங்கப்போகும் இளைஞர்கள் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு அதன்படியே செலவு செய்வார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

அச்சுச் சுற்றுப் பலகைகளை வடிவமைப்பது என் தொழில். நான் வரைபவை கணினி மதர்போர்டுகள் அல்ல, தொழிற்சாலைக் கருவிகளுக்கான கட்டுப்பாட்டுப் பலகைகள். ஆனாலும் செம்புத் தடங்களின் நீளம், பலகையின் அடுக்குகள், திருகுத் துளைகளின் இடம், வெப்பம் வெளியேறும் வழி இவற்றோடுதான் என் நாட்கள் கழிகின்றன. ஒரு பலகை ஏன் இந்த அளவில் இருக்கிறது என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்டே பழகியவள் நான். மதர்போர்டைப் பார்க்கும்போதும் அதே கேள்விதான் எழுகிறது.

முதலில் அளவுகள். ஏடிஎக்ஸ் போர்டு 305 மில்லிமீட்டர் உயரமும் 244 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. அகலம் ஒன்றே, உயரத்தில் மட்டும் 61 மில்லிமீட்டர் குறைவு. இந்த 61 எங்கிருந்து வந்தது? கார்டுகளைச் செருகும் ஸ்லாட்டுகளுக்கு இடையேயான தூரம் 20.32 மில்லிமீட்டர். அதை மூன்றால் பெருக்கினால் ஏறத்தாழ 61 வரும். ஏடிஎக்ஸில் ஏழு ஸ்லாட்டுகளுக்கு இடம் உண்டு, மைக்ரோவில் நான்குக்கு. ஏடிஎக்ஸ் போர்டின் அடிப்பகுதியில் மூன்று ஸ்லாட்டுகளுக்கான பட்டையை வெட்டி எடுத்தால் மீதி நிற்பதுதான் மைக்ரோ ஏடிஎக்ஸ். பிராசசர் உட்காரும் சாக்கெட், அதன் பக்கத்தில் ரேம் ஸ்லாட்டுகள், பின்புற இணைப்பு முனைகளின் வரிசை, முதல் கிராபிக்ஸ் ஸ்லாட் ஆகிய எல்லாமே மேல் பகுதியில் இருக்கின்றன. அவற்றுக்கு இரண்டிலும் கிடைக்கும் பரப்பு ஒன்றுதான். விளையாட்டின் வேகத்தைத் தீர்மானிக்கும் எந்தப் பாகமும் அந்தக் கீழ்ப் பட்டையில் குடியிருக்கவில்லை.

அந்தப் பட்டை ஒரு காலத்தில் மிகவும் தேவைப்பட்டது. இன்டெல் நிறுவனம் 1995இல் ஏடிஎக்ஸ் அளவை அறிமுகப்படுத்தியபோது ஒலிக்கு ஒரு கார்டு, மோடத்துக்கு ஒரு கார்டு, நெட்வொர்க்குக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செருக வேண்டியிருந்தது. ஸ்லாட்டுகளில் பலவும் நிரம்பிய கணினிகள் அபூர்வமல்ல. 1997 இறுதியில் மைக்ரோ ஏடிஎக்ஸ் வந்தபோதே இவற்றில் சில போர்டுக்குள் இடம்பெயரத் தொடங்கியிருந்தன. இன்று ஒலி, நெட்வொர்க், யுஎஸ்பி, பல போர்டுகளில் வைஃபை எல்லாமே போர்டிலேயே இருக்கின்றன. மோடம் கார்டு போயே போய்விட்டது. சாதாரணமாக விளையாடும் ஒருவரின் கணினியைத் திறந்து பாருங்கள். ஒரு கிராபிக்ஸ் கார்டு இருக்கும், அதற்குக் கீழே ஸ்லாட்டுகள் காலியாக இருக்கும்.

இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை இணைத்து விளையாடும் காலம் ஒன்றும் இருந்தது. முழு அளவு போர்டு வேண்டும் என்பதற்கு அப்போது நல்ல காரணம் இருந்தது. அதுவும் முடிந்துவிட்டது. 2021 ஜனவரி 1 முதல் அப்படி இணைக்கும் எஸ்எல்ஐ நுட்பத்துக்கான புதிய டிரைவர் புரொஃபைல்களைச் சேர்ப்பதைக் கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா நிறுத்திக்கொண்டது. அதன் ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டுகளில் அந்த இணைப்புக்கான முனையே கிடையாது. இரண்டாவது நீள ஸ்லாட்டை இன்னும் ஒரு பெருமையாகக் கட்டுரை குறிப்பிடுகிறது. நடுத்தர விலைப் பிரிவின் பெரும்பாலான போர்டுகளில் அது பார்வைக்குத்தான் தரவு ஓடும் பதினாறு வழித்தடங்கள் கொண்டது; உள்ளே நான்குதான் இணைக்கப்பட்டிருக்கும். அந்த நான்கும், போர்டில் உள்ள துணைச் சில்லான சிப்செட் வழியாகவே பிராசசரை அடையும்.

வழித்தடங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் போர்டு பெரிதானால் இவையும் கூடும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் எனப்படும் இந்த வழித்தடங்களைத் தருவது முதன்மையாகப் பிராசசர். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசைப் பிராசசர்களில் 28 வழித்தடங்கள் உள்ளன. அவற்றில் நான்கு சிப்செட்டுக்குப் போய்விடும். மீதி இருபத்து நான்கில் பதினாறு கிராபிக்ஸ் கார்டுக்கு, எட்டு அதிவேகச் சேமிப்பகமான எஸ்எஸ்டி போன்றவற்றுக்கு. போர்டின் நீளத்தை இரண்டு மடங்காக்கினாலும் இந்த எண்ணிக்கை ஒன்றுகூட அதிகரிக்காது. பெரிய போர்டில் கூடுதலாகத் தெரியும் ஸ்லாட்டுகள் பெரும்பாலும் சிப்செட்டுக்குப் பின்னால் தொங்குபவை. அவை எல்லாம் சேர்ந்து, சிப்செட்டுக்கும் பிராசசருக்கும் இடையே உள்ள ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. சில இன்டெல் போர்டுகளில் பிசிஐ எக்ஸ்பிரஸின் ஐந்தாம் தலைமுறை வேகம் கொண்ட எம்.2 எனும் சிறு ஸ்லாட்டில் எஸ்எஸ்டியைச் செருகினால் கிராபிக்ஸ் கார்டின் பதினாறு வழித்தடங்கள் எட்டாகக் குறைந்துவிடும். போர்டின் கையேட்டில் ஒரு சிறிய அட்டவணையில் இது இருக்கும். பெட்டியின் மேல் இருக்காது. வாங்கும் முன்பே கையேட்டை இறக்கிப் படித்துவிடுவது நல்லது. எல்லா நிறுவனங்களும் தங்கள் தளத்தில் அதை இலவசமாகத் தருகின்றன.

கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் தருவது பற்றிய கூற்று முற்றிலும் தவறு. ஸ்லாட் வழியாகப் போர்டு தரக்கூடிய உச்ச அளவு 75 வாட். தரநிலை வகுத்த எல்லை அது. ஏடிஎக்ஸ் என்றாலும் மிகச் சிறிய மினி ஐடிஎக்ஸ் என்றாலும் அதே 75தான். அதற்கு மேல் தேவைப்படுவதைக் கார்டு பவர் சப்ளையிலிருந்து தனிக் கம்பி வழியாக நேரடியாகப் பெறுகிறது. எட்டு முனை இணைப்பு ஒவ்வொன்றும் 150 வாட் தரும். 450 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4090க்குக்கூட ஸ்லாட் தர வேண்டியது இந்த எல்லைக்குள்தான். கார்டுக்கு மின்சாரம் போதவில்லை என்றால் பவர் சப்ளையை மாற்ற வேண்டும். போர்டை மாற்றிப் பயனில்லை.

பிராசசருக்கான மின்சாரம் வேறு விஷயம். இங்கேதான் போர்டின் தரம் உண்மையில் பேசுகிறது. பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டைப் பிராசசருக்கு வேண்டிய ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலான அளவுக்கு இறக்கித் தரும் சுற்று சாக்கெட்டைச் சுற்றி இருக்கிறது. விஆர்எம் என்பார்கள். மலிவான போர்டில் இது ஒல்லியாக இருக்கும். மேலே வெப்பம் தணிக்கும் அலுமினியக் கட்டிகூட இருக்காது. அதில் இன்டெல்லின் கோர் ஐ9-13900கே போன்ற, உச்சத்தில் 253 வாட் எடுக்கும் பிராசசரை வைத்தால், சுற்று சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பிராசசரின் வேகத்தைக் குறைக்கும். விளையாட்டு தடுமாறும். அதே போர்டில் குறைவாக மின்சாரம் எடுக்கும் பிராசசர் எந்தச் சிரமமும் இன்றி ஓடும். விளையாட்டுக்குப் பெயர்பெற்ற ரைசன் 7 7800எக்ஸ்3டியின் வெப்ப அளவு 120 வாட் என்றுதான் குறிக்கப்பட்டிருக்கிறது. விளையாடும்போது அது எடுப்பது அதற்கும் கணிசமாகக் குறைவு.

மைக்ரோ போர்டுகள் பலவற்றில் விஆர்எம் பலவீனமாக இருப்பது உண்மை. கட்டுரையாளர் அதைக் கவனித்துத்தான் அப்படி ஒரு முடிவுக்கு வந்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் காரணம் அளவில் இல்லை. சாக்கெட்டைச் சுற்றியுள்ள பரப்பு இரண்டிலும் ஒன்றே என்று மேலே சொன்னேன். அங்கே வலுவான விஆர்எம் வைக்க மைக்ரோவிலும் தாராளமாக இடம் இருக்கிறது. தயாரிப்பாளர்கள் தங்கள் அடிமட்டப் போர்டுகளைச் செலவைக் குறைக்க மைக்ரோ அளவில் செய்கிறார்கள், உச்சப் போர்டுகளை ஏடிஎக்ஸில் செய்கிறார்கள். இது விற்பனைத் திட்டம். கட்டுரையின் ஒப்பீட்டு அட்டவணையிலும் இதுவே நடந்திருக்கிறது. மைக்ரோ பக்கம் எச்610 சிப்செட், ஏடிஎக்ஸ் பக்கம் இசட்790 சிப்செட். எச்610 அந்தச் சாக்கெட்டுக்கான இன்டெல் சிப்செட்டுகளில் மிகக் கீழே உள்ளது. இசட்790 மிக மேலே உள்ளது. பிராசசரின் வேகத்தைக் கூட்டும் வசதி, ரேமின் வேகத்தைக் கூட்டும் வசதி, யுஎஸ்பிகளின் எண்ணிக்கை ஆகிய அனைத்தும் சிப்செட்டைப் பொறுத்தவை. இரண்டு மாறிகளை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு வேறுபாடு முழுவதையும் அளவின் கணக்கில் எழுதுவது எந்தச் சோதனைக்கூடத்திலும் ஏற்கப்படாது. ஏஎம்டி பிராசசர்களுக்கான பி650 சிப்செட் கொண்ட நல்ல மைக்ரோ போர்டையும் அதே பி650 கொண்ட ஏடிஎக்ஸ் போர்டையும் பக்கத்தில் வைத்து, ஒரே பிராசசர், ஒரே கார்டு, ஒரே ரேம் செருகி ஓட்டினால் திரையில் வரும் ஃபிரேம்களில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு எதுவும் இருக்காது.

இதை நான் தாளில் மட்டும் பேசவில்லை. என் தம்பி மகன் கல்லூரியில் படிக்கிறான். தன் சேமிப்பில் கணினி அமைக்கப் பல மாதங்களாகத் திட்டமிட்டு வந்தான். கிராபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுத்துவிட்டான், மைக்ரோ போர்டு ஒன்றையும் முடிவு செய்திருந்தான். தங்கள் கட்டுரை வந்த அன்றே பட்டியலைத் திருத்திவிட்டான். ஏடிஎக்ஸ் போர்டும் அதற்கேற்ற பெரிய கேபினட்டும் உள்ளே வந்தன. அந்தச் செலவை ஈடுகட்டக் கிராபிக்ஸ் கார்டை ஒரு படி கீழே இறக்கியிருந்தான். “அத்தை, பத்திரிகையிலேயே போட்டிருக்கிறார்களே” என்றான். அவனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. இந்தப் போர்டில் கிராபிக்ஸ் கார்டைத் தவிர வேறு என்ன செருகப் போகிறாய்? யோசித்தான். ஒன்றும் இல்லை. நாளை? அதுவும் இல்லை. எஸ்எஸ்டி எத்தனை? ஒன்று, பின்னால் இன்னொன்று வரலாம். அவன் முதலில் தேர்ந்தெடுத்த மைக்ரோ போர்டில் எம்.2 ஸ்லாட்டுகள் இரண்டு இருந்தன. பட்டியல் பழைய நிலைக்குத் திரும்பியது. இறக்கிய கார்டும் மேலே ஏறியது. விளையாட்டுக் கணினியில் ஒரு படி நல்ல கார்டு தரும் பலனை எந்தப் போர்டும் தர முடியாது. அந்தப் பையனுக்குச் சொல்ல ஒரு அத்தை இருந்தாள். கட்டுரையை மட்டும் நம்பி வாங்குபவர்களை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ரேம் ஸ்லாட்டுகள் நான்கு இருப்பதையும் பெரிய போர்டின் நன்மையாகக் கட்டுரை எண்ணியிருக்கிறது. மைக்ரோவிலும் நான்கு ஸ்லாட்டு உள்ளவை நிறைய உண்டு, இரண்டு உள்ளவையும் உண்டு. ஆனால் டிடிஆர்5 வகை ரேம் வந்த பிறகு நான்கையும் நிரப்புவது விளையாட்டுக்கு நல்லதே அல்ல. ரைசன் 7000 பிராசசர்களுக்கு ஏஎம்டி அறிவித்துள்ள வேகம் (நொடிக்கு மில்லியன் பரிமாற்றங்களில்) இரண்டு ரேம்களுக்கு 5200, நான்கு செருகினால் 3600. பலகை வரைபவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஒரே தடத்தில் இரண்டு ஸ்லாட்டுகள் தொங்கும்போது சமிக்ஞை அங்கங்கே மோதித் திரும்புகிறது. வேகம் கூடக் கூட அந்த எதிரொலியைப் பிராசசரால் பிரித்தறிய முடியாமல் போகிறது. 16 ஜிபி நான்கு வாங்குவதைவிட 32 ஜிபி இரண்டு வாங்குவது மேல். நான்கு ஸ்லாட்டு போர்டில் இரண்டு ரேம் மட்டும் செருகும்போது பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும் என்று பெரும்பாலான கையேடுகள் சொல்வதும் இதே காரணத்தால்தான். இரண்டே ஸ்லாட்டு உள்ள சிறிய போர்டில் தடங்கள் குறுகியவை, வீணாகத் தொங்கும் கிளைகளும் இல்லை. அதனால் அதிவேக ரேம்கள் அவற்றில் மிகவும் ஒழுங்காக ஓடுகின்றன.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் மிகச் சிறிய போர்டுக்குப் பாய வேண்டாம். மினி ஐடிஎக்ஸ் எனக்கு மிகவும் பிடித்த பலகை, அதனாலேயே எச்சரிக்கையாகப் பேச வேண்டியிருக்கிறது. 170க்கு 170 மில்லிமீட்டர் அளவில் வியா நிறுவனம் 2001இல் அதை வெளியிட்டது. குறைந்த மின்சாரத்தில், சத்தமின்றி ஓடும் சிறு கணினிகள்தான் அன்று நோக்கம். இன்று அதே சதுரத்தில் சக்திமிக்க விளையாட்டுப் பிராசசரை உட்கார வைக்கிறார்கள். அந்த நெருக்கத்தில் தடங்களைக் கொண்டுபோக அடுக்குகள் கூடுதலாக வேண்டும். எட்டு, பத்து அடுக்குப் பலகைகள் சாதாரணம். ஒரே சிப்செட்டில் மைக்ரோவைவிட மினி ஐடிஎக்ஸ் பெரும்பாலும் விலை கூடுதலாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். சிறியது மலிவாக இருக்கும் என்று எண்ணிக் கடைக்குப் போகிறவர்கள் திகைத்துப் போகிறார்கள்.

மினி ஐடிஎக்ஸில் ஸ்லாட் ஒன்றே ஒன்று. அது கிராபிக்ஸ் கார்டுக்குப் போய்விடும். பிறகு வேறு எதையும் செருக வழியில்லை. மின்விசிறி இணைப்புகள் பெரும்பாலும் மூன்று. எம்.2 ஸ்லாட்டுகளில் ஒன்று பெரும்பாலும் பலகையின் பின்பக்கம் இருக்கும். எஸ்எஸ்டியை மாற்ற வேண்டும் என்றால் போர்டையே கழற்ற வேண்டியிருக்கலாம். கேபினட்டும் சிறியதானால் வழக்கமான பவர் சப்ளை உள்ளே போகாது. 125 மில்லிமீட்டர் அகலமும் 63.5 உயரமும் கொண்ட எஸ்எஃப்எக்ஸ் வகை தேவைப்படும். பிராசசரைக் குளிர்விக்கும், 160 மில்லிமீட்டர் உயரமுள்ள கோபுரக் கூலர்களும் நுழையாது. கிராபிக்ஸ் கார்டைப் போர்டுக்குப் பின்னால் திருப்பி வைக்கும் கேபினட்டுகளில் ரைசர் எனப்படும் நாடாக் கம்பி வேண்டும். மூன்றாம் தலைமுறை நாடாவில் நான்காம் தலைமுறைக் கார்டைச் செருகினால் திரை கறுத்துப் போவதும் கணினி உறைவதும் நடக்கும். போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் ஸ்லாட்டின் வேகத்தைக் கையால் மூன்றாம் தலைமுறைக்கு இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அது நாடாவின் கோளாறு என்று தெரியாதவர்கள் கார்டைத்தான் சந்தேகிப்பார்கள்.

இவற்றுக்கு மேல் வெப்பம். கார்டும் பிராசசரும் வெளியேற்றும் வாட் அளவு கேபினட் சிறுத்ததால் குறையாது. குறைந்த இடத்தில் அதே வெப்பத்தை வெளியேற்ற மின்விசிறிகள் வேகமாகச் சுழல வேண்டும், அறையில் இரைச்சல் கூடும். அடிக்கடி கணினியைத் தூக்கிச் செல்பவர்களுக்கும், மேசையில் உண்மையிலேயே இடம் இல்லாதவர்களுக்கும் மினி ஐடிஎக்ஸ் அருமையான தேர்வு. ஒரு மூலையில் வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் நகர்த்தப்போகாதவர்கள் ஏன் இத்தனை சிரமப்பட வேண்டும்?

ஏடிஎக்ஸ் யாருக்கு வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். விளையாடுவதைப் பதிவு செய்து ஒளிபரப்புபவர்கள் கேப்சர் கார்டு செருகுவார்கள். இசைப் பணி செய்பவர்களுக்குத் தனி ஒலிக் கார்டு தேவைப்படும். பெரிய கோப்புகளை வேகமாக வேறு கணினிக்கு மாற்றுபவர்கள் 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு போடுவார்கள். எம்.2 எஸ்எஸ்டி மூன்று நான்கு வைத்துக்கொள்ள விரும்புபவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கு அந்த 61 மில்லிமீட்டர் கண்டிப்பாக வேண்டும். காரணம் இன்றைய கார்டுகளின் தடிமன். என்விடியாவே தயாரித்த ஆர்டிஎக்ஸ் 4090இன் தடிமன் 61 மில்லிமீட்டர், அதாவது மூன்று ஸ்லாட்டுகள். மைக்ரோ போர்டின் நான்கு இடங்களில் மூன்றை அதுவே மூடிவிடும். மிச்சம் உள்ள ஒன்றில் இன்னொரு கார்டைச் செருகினால் கிராபிக்ஸ் கார்டின் மின்விசிறிகளுக்கு முன்னால் சுவர் எழுப்பியதைப் போலாகும். காற்று உள்ளே வர வழியில்லாமல் கார்டு சூடேறும். ஆகவே தடிமனான கார்டோடு இன்னொரு கார்டும் வேண்டும் என்றால் யோசிக்காமல் ஏடிஎக்ஸ் வாங்குங்கள். சில நேரம் சந்தையில் நல்ல விஆர்எம் கொண்ட மைக்ரோ போர்டு கிடைக்காமல், அதே விலைக்கு நல்ல ஏடிஎக்ஸ் கிடைப்பதும் உண்டு. கேபினட்டில் இடமிருந்தால் அதை வாங்குவதில் தவறே இல்லை.

ஏடிஎக்ஸைவிட அகலமான ஈ-ஏடிஎக்ஸ் பற்றி இரண்டு வரி போதும். முறையான அளவு 305க்கு 330. ஆனால் 244 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டிய எதற்கும் தயாரிப்பாளர்கள் அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். கேபினட்டில் கம்பிகள் பின்னால் போகும் ரப்பர் துளைகளைப் போர்டின் ஓரம் மூடிவிடுமா என்று மில்லிமீட்டரில் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஒரே கிராபிக்ஸ் கார்டில் விளையாடுபவர்களுக்கு இதற்குத் தேவையே இல்லை.

பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, நடுத்தர அளவு ஏடிஎக்ஸ் கேபினட்டுக்குள் தரமான மைக்ரோ போர்டு. ஏடிஎக்ஸ் கேபினட் தன்னைவிடச் சிறிய போர்டுகளை ஏற்கும். சிறிய கேபினட் பெரிய போர்டை ஏற்காது. பெரிய கேபினட்டில் சிறிய போர்டை வைப்பதால் கார்டுக்கு அடியில் தாராளமான காற்றிடம் கிடைக்கிறது, நீளமான கார்டும் உயரமான கூலரும் கவலையின்றி உட்காருகின்றன. கீழே பலகை முடிந்த இடம் காலியாகத் தெரிவது சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். கண்ணாடிப் பக்கம் வைத்த கேபினட்டில் அழகும் முக்கியம் என்பதை மதிக்கிறேன். அதற்காகக் கார்டைத் தியாகம் செய்ய வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். மைக்ரோவுக்கென்றே செய்த குட்டிக் கேபினட் வாங்குவதாக இருந்தால் மட்டும், கார்டின் அடிப்பகுதிக்கும் பவர் சப்ளையின் மூடிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி மிஞ்சும் என்று முன்பே கணக்கிடுங்கள்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டிய ஒன்றைக் கட்டுரை முற்றிலும் விட்டுவிட்டது. போர்டைக் கேபினட்டின் தகட்டிலிருந்து தூக்கி நிறுத்தும் பித்தளைத் தாங்கிகள் ஏடிஎக்ஸ் துளைகளுக்கு ஏற்பவே பெரும்பாலும் முன்கூட்டியே திருகப்பட்டிருக்கும். ஏடிஎக்ஸுக்கு ஒன்பது, மினி ஐடிஎக்ஸுக்கு நான்கு. சிறிய போர்டை வைக்கும்போது துளை இல்லாத இடத்தில் ஒரு தாங்கி மிஞ்சி நின்றால், அதன் முனை போர்டின் அடிப்புறச் சாலிடரைத் தொட்டுக் குறுக்கிணைப்பு ஏற்படும். கணினி உயிர் பெறாது; போர்டே கெட்டுப்போகவும் கூடும். போர்டை வைப்பதற்கு முன் துளைகளையும் தாங்கிகளையும் ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு, மிஞ்சியதைக் கழற்றிவிட வேண்டும்.

அடுத்தது, மைக்ரோ என்ற பெயரில் வரும் எல்லாப் போர்டுகளும் முழு 244 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை அல்ல. மலிவு விலைப் போர்டுகள் பல அகலத்தில் குறுகியவை. அவற்றின் வலது ஓரத்தில் திருகுத் துளைகளே இருக்காது. பவர் சப்ளையின் 24 முனை இணைப்பு சரியாக அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. அடியில் தாங்கி இல்லாத இடத்தில் அந்த இறுக்கமான இணைப்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் பலகை வளையும். வளைவது கண்ணுக்குத் தெரிந்தால் உள்ளே செம்புத் தடங்களும் சாலிடர் இணைப்புகளும் ஏற்கெனவே வருந்திக்கொண்டிருக்கின்றன என்று பொருள். ஒரு கையால் பலகையின் ஓரத்தை அடியிலிருந்து தாங்கிக்கொண்டு மறு கையால் செருக வேண்டும். போர்டைக் கேபினட்டில் வைத்த பிறகு விரல் நுழையாது என்றால் வைப்பதற்கு முன்பே அந்தக் கம்பியைச் செருகிவிடலாம். பலகை வளைவதைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே மனம் பதறுகிறது. எத்தனையோ பேரின் உழைப்பில் உருவான பலகை ஒரு நொடி அவசரத்தில் வீணாகக் கூடாது.

ஆசிரியர் அவர்களுக்கு என் கோரிக்கை இதுதான். திருத்தம் ஒன்று வெளியிடுங்கள், குறைந்தபட்சம் அந்த 75 வாட் விஷயத்தையாவது. இனி இணைப்பிதழில் மதர்போர்டுகளை ஒப்பிடும்போது ஒரே சிப்செட் கொண்டவற்றை ஒப்பிடச் சொல்லுங்கள். போர்டின் பெயருக்குப் பக்கத்தில் அதன் நீள அகலத்தை மில்லிமீட்டரிலும், எம்.2 ஸ்லாட்டுகளின் எண்ணிக்கையையும், இரண்டாவது நீள ஸ்லாட்டில் உண்மையில் எத்தனை வழித்தடங்கள் இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் அச்சிடுங்கள். கிராபிக்ஸ் கார்டுகளின் பட்டியலில் நீளத்தோடு தடிமனையும் சேர்த்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
அச்சுச் சுற்றுப் பலகை வடிவமைப்பாளர்